வாலுள்ள வெளிச்சம்

பிரிஸ்கில்லா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மாத்திரை டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்தாள். மூன்றுதான் விழுந்தன. பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அட்டையை எடுத்து, சிவப்புக் கேப்சூல்களை ஒவ்வொன்றாகப் பிதுக்கி டப்பாவுக்குள் போடத் தொடங்கினாள். டப்பா புற்றுநோய் மாத்திரையினுடையது. உள்ளே போனதெல்லாம் தெருமுனை மெடிக்கலில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸ். பழைய மாத்திரை வெளிர் சிவப்பு, இது கொஞ்சம் அடர்சிவப்பு. கண் நன்றாகத் தெரிகிற ஆளாக இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். அப்பாவுக்குக் கண் மங்கியது இந்த ஒரு காரியத்துக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்காகக் கை நிற்கவில்லை. கடைசிக் கேப்சூலையும் போட்டு மூடியைத் திருகினாள்.

இன்றோடு பத்தொன்பது நாள்.

"கதவ ஏன்டி சாத்திக்கினு இருக்க?" என்று சூசைமேரி வெளியிலிருந்து தள்ளினாள்.

பிரிஸ்கில்லா வெற்று அட்டையைக் கசக்கிக் குப்பைக்கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அம்மா கையில் ஜெபமாலையோடு நின்றாள். இரவெல்லாம் தூங்காத முகம்.

"நேத்து சாயந்தரமும் அந்த மூலையப் பாத்து சிரிச்சாருடி. வந்துடுச்சு, வந்துடுச்சுன்றாரு. யாரு வந்தது? அவங்கம்மாதான் வந்து நிக்கிறாங்க. செத்தவங்க வந்து நின்னா என்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"அது மாத்திரையால வர்ற வெளிச்சம்மா. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க இல்ல?"

"டாக்டரம்மா சொல்லுவாங்க. நான் எங்க வூட்ல மூணு சாவு பாத்தவ. சாமியாரக் கூப்புட்டு அவஸ்தப்பூசுதல் குடுத்துடலாம். எங்கப்பாரு அது இல்லாமதான் போனாரு. இன்னிவரைக்கும் எனக்கு ஆறல."

"இப்ப வேணாம்மா."

"அப்புறம் எப்ப?"

"சாமியார் தைலத்தோட உள்ள நுழைஞ்சா அப்பாவுக்கு என்னா தோணும்? அவுரு மாத்திர வேல செய்யுதுன்னு நம்பிக்கினு இருக்காரு. அதையும் புடுங்கிக்கணுமா?"

அவஸ்தைப்பூசுதல் சாகக்கிடப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா நோயாளிகளுக்கும் பூசுவதுதான் என்று சாமியார் பிரசங்கத்தில் எத்தனை தரம் சொன்னாலும், தைலக் குப்பி வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே சவப்பெட்டியும் வரும் என்பதுதான் சாரம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வேதம். அப்பா அமலநாதனுக்கும் அது தெரியும். சூசைமேரி மகளை ஒரு நிமிடம் பார்த்தாள். "அவுரு பூசுதல் இல்லாம போயிட்டா, அந்தப் பாவம் உன் தலைலதான்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை உருட்டியபடி திரும்பிப் போனாள்.

அமலநாதன் நாற்பது வருஷம் சீரியல் செட் போட்டவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் விளக்கும் மைக்கும் அவருடையது. மாதா தேர் புறப்படுகிறபோது தெரு முழுக்க ஓடுகிற வெளிச்சத்துக்கு அவர்தான் பொறுப்பு. வாழ்க்கையில் ஒரு பீடி குடித்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு நுரையீரலில் வந்தது. வந்தது வந்தாயிற்று, அதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது, காலையில் ஒன்று சாயந்தரம் ஒன்று என்று டாக்டரம்மா கொடுத்தபோது குடும்பமே மூச்சு விட்டது.

மாத்திரை ஆரம்பித்து பத்தாவது நாள் விடியலில் பாத்ரூம் போவதற்காக விளக்கைப் போட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பிரிசி, கண்ணுக்குள்ள ஷார்ட் சர்க்யூட் ஆயிடுச்சு!" கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் வால் வாலாக நீண்டு ஓடியதாம். கையை அசைத்தால் கைக்குப் பின்னாலும் ஒரு வால். அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

டாக்டரம்மா பதறவில்லை. "இந்த மாத்திரை சாப்பிடறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல இப்படித் தெரியும். இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு வர்றப்ப வரும், தானா போயிடும். வண்டி ஓட்டாதீங்க, ஏணி ஏறாதீங்க" என்றார்.

ஏணி ஏறாதே என்று சொன்னால் அமலநாதனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று பிரிஸ்கில்லா பயந்தாள். அவரோ ஆட்டோவில் திரும்பும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "மாத்திர உள்ள போனா வெளிச்சம் வருது. அப்ப லைன்ல சப்ளை இருக்குன்னு அர்த்தம்." அன்றைக்கே மொபெட்டையும் ஏணியையும் கூட்டாளி தணிகாசலத்திடம் கொடுத்தார். ஒரு வாரம் உட்கார்ந்து வீட்டின் ஒயரிங்கையே மாற்றினார். எந்த அறையிலும் முழு இருட்டு இல்லாதபடி ஜீரோ வாட் பல்பு, படிகளின் விளிம்பில் வெள்ளை டேப், கட்டிலிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் சுவிட்ச். பேப்பரில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். அதுவும் முடியாமல் போனபோது பிரிஸ்கில்லாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். குறை சொல்லவில்லை. "கண்ணுக்குள்ள எனக்கு மட்டும் தெனம் மாதா திருவிழா. உங்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம்தான்" என்று கிண்டல் வேறு.

தன்னுடைய அறையில் மட்டும் ஜீரோ வாட் போடவில்லை. ஊருக்கெல்லாம் எல்இடி மாட்டிவிட்டவர் அங்கே பழைய டியூப்லைட்டையே வைத்திருந்தார். அது இரண்டு தரம் மினுங்கி எரிகிறபோதுதான் வால் நன்றாக வருகிறதாம். தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு அறை இருண்டதும், "போடு பாப்போம்" என்பார். பிரிஸ்கில்லா சுவிட்சைத் தட்டுவாள். தேருக்கு முன்னால் செட்டைச் சோதிக்கிற அதே முகத்தோடு மேலே பார்த்துக்கொண்டு, "வந்துடுச்சு. இடது பக்கம் ரெண்டு வாலு" என்று அறிக்கை கொடுப்பார். வந்தால் வீட்டில் அன்று எல்லோருக்கும் சோறு இறங்கும். பதினாலு மாதம் இப்படித்தான் ஓடியது.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் டாக்டரம்மா பிரிஸ்கில்லாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அமலநாதன் கறுப்புக் கண்ணாடியோடு வெளியே சக்கர நாற்காலியில் இருந்தார். "மாத்திரை கேக்கல. மூளைக்கும் போயிடுச்சு. நிறுத்திடலாம். இருக்கற நாள் வலி இல்லாம பாத்துக்கலாம். அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன் டாக்டர்."

சொல்லத்தான் நினைத்தாள். வெளியே வந்ததும் அவர் முகத்தைத் தூக்கி, "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். "அதே மாத்திரையத் தொடரச் சொன்னாங்கப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தப்பு விடைக்குச் சிவப்பு மையில் சுழிக்கிறவள். அன்றைக்குச் சொன்ன பொய்யை அம்மாவிடமும் சொல்லவேண்டி வந்தது, காரைக்காலில் வேலை பார்க்கும் கணவன் மார்ட்டினிடமும் சொல்லவேண்டி வந்தது. ஒரு பொய்யைப் பெற்றுவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டியிருக்கிறது.

முதல் நாலைந்து நாள் அவருக்குச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது. "மஞ்சக்காமாலையா இருக்குமோ?" என்று சூசைமேரி பயந்தாள். பி காம்ப்ளெக்ஸ் வேலையைக் காட்டிவிட்டது என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரிந்தது. நல்லவேளையாக அது தானாகவே சரியாகிவிட்டது.

ஆறாம் நாள் சாயந்தரம் சுவிட்சைப் போட்டதும் அப்பா அறிக்கை கொடுக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு நாளா வரல பிரிசி" என்றார்.

"டோஸ் கொறச்சிருக்காங்கப்பா. கொஞ்ச நாள்ல வரும்."

அவர் தலையைத் திருப்பி அவள் குரல் வந்த பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் போல அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சாயந்தரம் சுவிட்ச் தட்டிய உடனே, "வந்துடுச்சு!" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மாத்திரையே இல்லாத உடம்பில் மாத்திரையின் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? முதலில் இரண்டு வால், பிறகு மூன்று வால். பிரிஸ்கில்லா தினமும் சாயந்தரம் நெருங்க நெருங்க மணியைப் பார்த்துக்கொண்டே நடமாடினாள். அம்மா சொல்கிறபடி மூலையில் யாராவது நிற்கிறார்களோ என்று பட்டப்பகலிலேயே ஒரு தரம் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு நீலப் பிஸ்கட் டப்பாவும் ஒரு மடக்கு நாற்காலியும்தான் இருந்தன.

இன்று காலை டப்பாவை நிரப்பிய கையோடு மொட்டைமாடிக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நிறுத்தி மூணு வாரம் ஆகப்போகுது. அந்த வெளிச்சம் இருக்கக் கூடாதே" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் யோசித்தார். "மூளையில இருக்கறது கூடினா வேற மாதிரி ஏதாவது தெரியலாம். பார்வையே போகலாம். ஆள் எப்படி இருக்காரு?"

"தூக்கம்தான் ஜாஸ்தி. முன்னால போயி நின்னாலும் யாருன்னு கேக்கறாரு."

"பிரிஸ்கில்லா, எல்லாரையும் வரச் சொல்லிடுங்க."

மாடியில் காயப்போட்டிருந்த அப்பாவின் வேட்டி காற்றில்லாமல் அப்படியே தொங்கியது. மழை வரப்போகிற புழுக்கம். அவள் மார்ட்டினுக்கு மட்டும் போன் செய்து வரச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

கீழே வந்து அப்பாவின் கையில் கேப்சூலை வைத்தாள். அவர் அதை விரலால் ஒரு தரம் உருட்டி, மூக்குக்கு அருகே கொண்டுபோய், வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து டம்ளரைக் கையிலேயே வைத்தாள். "நீ போயி வேலயப் பாரு. நான் கொஞ்சம் இப்படியே ஒருக்களிச்சிப் படுக்கறேன்" என்றார். மாத்திரை போட்டதும் தினமும் அப்படித்தான், சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கட்டிலுக்கு வெளியே ஒரு கையைத் தொங்கவிட்டுப் படுப்பார். வெளியே வரும்போது அவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். டியூப்லைட்டின் இரண்டு முனையும் கறுத்திருந்தன. சோக் வேறு மூன்று நாளாக உறுமிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு டியூப்லைட்டை ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டார் அமலநாதன். மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தணிகாசலம் இளநீரோடு வந்தார். முப்பது வருஷமாக அப்பாவோடு ஏணியின் அடியைப் பிடித்தவர், இப்போது மேலே ஏறுகிறவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணே, தவளக்குப்பத்துல ஒரு கல்யாணம். வளைவு செட்டு கேக்கறாங்க. பழைய மயில் செட்டையே போட்டுடவா?" என்றார்.

"மயிலுக்குக் கழுத்துல நாலு பல்ப் போயிருக்கும், பாத்துப் போடு" என்றார் அமலநாதன். குரல் காற்றாக வந்தது. "போனத தூக்கி எறியாத. டப்பால போடு."

"தெரியும்ணே." தணிகாசலம் சிரித்தார். பிரிஸ்கில்லாவைப் பார்த்து, "உங்கப்பாரு ஃபீஸ் போன சாமானக்கூடக் குப்பைல போட வுடமாட்டாரு பாப்பா. தப்பித்தவறி நல்லதோட கலந்துட்டா ஏணி மேல போயி ஏமாந்துடுவோம்னு தனி டப்பா. நீலம் நல்லது, கறுப்பு டேப் சுத்துனது செத்தது. என்னை எத்தினி தரம் திட்டியிருக்காரு இதுக்கு!" என்றார்.

மூலையில் எப்போதும் ஜோடியாக இருந்த டப்பாக்களைத்தான் சொன்னார். பாரீஸில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் எப்போதோ கொண்டுவந்த வெண்ணெய் பிஸ்கட்டின் டப்பாக்கள். அவற்றில் கறுப்பு டேப் சுற்றியது மட்டும் எப்போது கட்டிலடிக்கு வந்தது என்று பிரிஸ்கில்லா கவனிக்கவில்லை.

தணிகாசலம் கிளம்பும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணனுக்கு என்னைத் தெரியல பாப்பா. குரல வச்சித்தான் பேசறாரு" என்றார்.

ஆறு மணிக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரவில்லை, மேகம் மட்டும் கூரைக்கு மேலே வந்து நின்றது. கூடத்தில் இருதய ஆண்டவர் படத்தின் சிவப்பு பல்பு எரிந்தது. அதன் வெளிச்சம் அறை வாசல்வரைதான் வந்தது. சூசைமேரி படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள்.

"பிரிசி, மணி ஆறாச்சா?"

"ஆச்சுப்பா."

"போடு பாப்போம்."

அவள் சுவிட்சைத் தட்டினாள். டக்.

டியூப்லைட் எரியவில்லை. மினுங்கக்கூட இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆக மின்சாரம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் உயிரை விட்டுவிட்டது. அறை முன்பு எப்படி இருட்டாக இருந்ததோ அப்படியே இருந்தது. 'லைட்டு போயிடுச்சுப்பா' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வந்துடுச்சு" என்றார் அமலநாதன்.

அவள் விரல் சுவிட்சிலேயே நின்றது.

"இடது பக்கம் மூணு வாலு. நடுவுல இருக்கறது நல்ல நீளம். சூப்பரா வருது பிரிசி."

அவள் மெல்லக் கட்டிலருகே போனாள். ஜன்னலின் மங்கலில் அவர் கண்கள் திறந்திருப்பது தெரிந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய் ஆட்டினாள். இமை அசையவில்லை. திரும்பிப் போய்ச் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டாள். டக், டக்.

"போயிட்டு வந்துடுச்சு பாரு" என்றார். சிரித்தார். "சப்ளை நல்லா இருக்கு."

பிரிஸ்கில்லா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். மூலையில் யாரும் வரவில்லை. மூளைக்குள் எந்த வெளிச்சமும் இல்லை. பதிமூன்று நாளாக அவர் சுவிட்ச் சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சுவிட்சைத் தட்டுவாள், அவர் வந்துடுச்சு என்பார், அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போவாள். அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள்தான் ஏமாந்திருக்கிறாள். அவமானமாகவும் இருந்தது, ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அப்படிச் செய்தால் அவர் இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடும் என்று தோன்றியது. அசையாமல் நின்றாள்.

"என்னாம்மா, பேச்சையே காணும்?"

"ஒண்ணுமில்லப்பா." குரலைச் சரிசெய்துகொண்டாள். "நல்லா வருதுப்பா. சப்ளை இருக்கு."

"ம். நீ போயி சாப்புடு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடலன்னு உங்கம்மா சொன்னா."

அவள் கூடத்துக்கு வந்து, முழந்தாளில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அம்மாவின் உதடுகள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தன. மணியைப் பிடித்திருந்த அந்த விரல்களின்மேல் கை வைத்தாள்.

"சாமியாரக் கூப்புடும்மா."

சூசைமேரி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கூட்டரில் கோயிலுக்குப் போனாள்.

இளம் சாமியார் முக்கால் மணி நேரத்தில் வந்தார். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையும் இரண்டு மெழுகுவத்தியும் வைத்தார்கள். டியூப்லைட் எரியாததை யாரும் கேட்கவில்லை, மெழுகுவத்திக்காக அணைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். பிரிஸ்கில்லா கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அப்பாவின் முகத்தில் பயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக, அமலநாதன் ஐயா. நான் கோயில்லேர்ந்து வந்திருக்கேன்."

"தெரியுது சாமி. தைல வாசன வருது." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தானே விரித்துக் கொடுத்தார். "நானே கூப்புடலாம்னு ஒரு வாரமா நெனச்சிக்கினு இருந்தேன். பிள்ள பயந்துக்கும்னு வுட்டுட்டேன்."

சாமியார் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் தைலம் பூசினார். மூடியிருந்த இமைகள்மேலும் அவர் விரல் ஒரு கணம் பட்டது. சூசைமேரி வாய்விட்டு அழுதாள். பிரிஸ்கில்லாவால் அழ முடியவில்லை. அந்தப் பிள்ளை எதற்குப் பயந்துகொண்டிருந்தது என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும்.

அமலநாதன் அதற்குப்பிறகு பேசவில்லை. விடியலில் பால் பாக்கெட் போடுகிறவனின் சைக்கிள் மணி கேட்ட நேரத்தில் அவருடைய மூச்சு இரண்டு தரம் நீளமாக இழுத்தது. மூன்றாவது வரவில்லை. சூசைமேரி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பூசுதலோட போனாரு. புண்ணியவான்" என்றாள்.

அன்றைக்கே அடக்கம். பகல் முழுக்க ஐஸ் பெட்டியைச் சுற்றி ஆட்கள். மார்ட்டின் விடியற்காலையிலேயே வந்து சேர்ந்து ஆக வேண்டியதையெல்லாம் பார்த்தான். நோணாங்குப்பத்திலிருந்து வந்த அத்தை பெட்டியருகே உட்கார்ந்து, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்புட்டானா என் தம்பி?" என்று மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு வேள வுடல" என்றாள் சூசைமேரி. அழுகைக்கு நடுவிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. "எம் பொண்ணுதான் தன் கையால எடுத்துக் குடுக்கும். கடைசி நாள் வரைக்கும் குடுத்துச்சு."

அத்தை பிரிஸ்கில்லாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை தலையில் இருக்கிற வரைக்கும் பிரிஸ்கில்லா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பூசை முடிந்து உப்பளம் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பிரிஸ்கில்லா ஒரு பிடி மண் போட்டாள். வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஆறாகியிருந்தது. வாசலில் தணிகாசலம் போட்டிருந்த பந்தல் விளக்குகள் எரிந்தன. சீரியல் இல்லை, வெறும் வெள்ளை விளக்கு. சூசைமேரி குளித்துவிட்டு நேரே அறைக்குப் போய், வெறும் கட்டிலின் ஓரத்தில் இருட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"லைட்டப் போடுங்கடி யாராவது. அவரு ரூமு இன்னிக்கு இருட்டாக் கெடக்கக் கூடாது."

"எரியலம்மா. நேத்தே போயிடுச்சு."

"எங்கிட்ட சொல்ல வேணாமா பாப்பா?" என்று தணிகாசலம் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, செல்போன் வெளிச்சத்தில் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்தார். காதருகே குலுக்கிப் பார்த்தார். "செத்துடுச்சு" என்றவர், முப்பது வருஷப் பழக்கத்தில் இறங்கிக் குனிந்து, கட்டிலடியில் இருந்த கறுப்பு டேப் டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தார்.

அதைப் போடப்போன கை நின்றது.

"என்னா பாப்பா இது, மாத்திரையா?"

பிரிஸ்கில்லா குனிந்து பார்த்தாள். கறுத்துப்போன ஸ்டார்ட்டர்களுக்கும் உடைந்த ஹோல்டர்களுக்கும் சாம்பல் படிந்த சின்னச் சின்ன பல்புகளுக்கும் நடுவே அடர்சிவப்புக் கேப்சூல்கள் கிடந்தன. சில எச்சிலில் இளகிக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இருபதுக்கு மேலே இருக்கும். டப்பாவிலிருந்து பி காம்ப்ளெக்ஸின் வாடை வந்தது.

"சத்து மாத்திர மாதிரி இருக்கே. இத எதுக்கு அண்ணன் இதுல போட்டு வச்சாரு?"

"என்னாடி அது?" என்றாள் சூசைமேரி கட்டிலிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. ஃபீஸ் போன சாமான்."

அவள் டப்பாவை வாங்கி, மூடியைப் போட்டு அழுத்தி, மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் அவளைப் பார்த்தார். பிறகு நீல டப்பாவைத் திறந்து, ஒரு ஸ்டார்ட்டரைப் பொறுக்கி எடுத்து, மறுபடி நாற்காலியில் ஏறி மாட்டினார். கறுத்த முனைகளை வேட்டி நுனியால் துடைத்து டியூப்லைட்டை ஒரு தரம் திருப்பி உட்காரவைத்தார்.

"போடு பாப்போம்" என்றார்.

பிரிஸ்கில்லா சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். தட்டினாள். டக்.

"வந்துடுச்சு" என்றாள்.

அவள் சொன்னதற்கு அப்புறம்தான் டியூப்லைட் இரண்டு தரம் மினுங்கிவிட்டு எரிந்தது.